பிஎஸ்பி பாட்டில்: மாடியில் வைத்தது வெளிறிக் கிடக்கிறது, மாட்டுக்கொட்டகையில் வைத்தது கருஞ்சிவப்பு. ஏன்?

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் நெல். மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், வீடியோவில் பார்த்த, பிஎஸ்பி என்கிற சிவப்பு பாக்டீரியா கரைசலைப் போட்டுப் பார்த்தேன். தெரிந்தவரிடம் ஒரு லிட்டர் தாய்க்கரைசல் வாங்கினேன். பாட்டிலுக்குப் பாட்டில் ஒரே கணக்கில் அடித்த முட்டை ஒரு ஸ்பூன், தண்ணீர், தாய்க்கரைசல் கலந்து இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் நான்கில் ஊற்றினேன். கடைசி பாட்டிலுக்கு வரும்போது கரைசல் தீர்ந்துவிட்டது, அதனால் அது மட்டும் பாதி.

முதல் பாட்டில் மொட்டைமாடியில், நல்ல வெயில். பாதி பாட்டிலும் அங்கேயே. இன்னொன்று மாட்டுக்கொட்டகையில், புங்கமரத்து நிழல் விழுகிற ஓரத்தில். மிச்சம் இருந்த ஒன்று அறைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே.

12 நாள் ஆச்சு. கொட்டகை பாட்டில் பீட்ரூட் சாறு மாதிரி. மாடி பாட்டில் கலங்கலாக, வெளிறிய பழுப்பில் இருக்கிறது. பாதி பாட்டில் வெள்ளையாகி, மூடியைத் திறந்தால் குடல் புரட்டுகிறது. அறை பாட்டில் வைத்தது வைத்தபடி. வெயில் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு சிவக்கும் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கு ஏன் தலைகீழாக நடக்கிறது? மாடியில் இருப்பதைக் கொட்டிவிடலாமா?

உப்புக்காற்று:
தம்பி, அவசரப்பட்டுக் கொட்டாதே. நான் வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறேன், ஏழெட்டு வருஷமாக இதை நானே போட்டுக்கொள்கிறேன். பாதி பாட்டில்தான் தப்பு. கழுத்து வரைக்கும் நிரப்பணும், உள்ளே காற்று நிற்கக் கூடாது. காற்று இருந்தால் வேறு கிருமி முந்திக்கொண்டு முட்டையைத் தின்றுவிடும், நீ சொல்கிற நாற்றம் அதுதான். வெளிறல் கணக்கு எனக்கும் தெரியாது. பங்குனி சித்திரையில் எனக்கும் நிறம் மட்டாகத்தான் வரும், சூடு தாங்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மன்னை மைந்தன்:
ஒரு சந்தேகம். பிஎஸ்பி என்றால் வேளாண்மை டெப்போவில் தருகிற பாஸ்போபாக்டீரியாதானே? நாற்று வேர் நனைக்க வாங்கியிருக்கிறேன். அதில் சிவப்பு ஏது?

அகச்சிவப்பு:
மன்னை, ஒரே சுருக்கெழுத்தில் இரண்டு சரக்கு. டெப்போவில் தருவது மண்ணில் கட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கிற பாக்டீரியா, அதற்கு வெளிச்சத்தோடு வேலையே இல்லை. இங்கே பேச்சு ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைப் பற்றி. கடையில் வாங்கும்போது இரண்டும் மாறிப்போய் ஏமாந்தவர்கள் உண்டு.

வெண்ணாற்றங்கரைக்கு: மாடி பாட்டிலைக் கொட்டாதீர்கள், அது கெட்டுப்போகவில்லை. நான் கும்பகோணத்துக்காரி. நுண்ணுயிரியல் படித்துவிட்டு இதே பாக்டீரியாவோடு சில வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊதா பாக்டீரியாக்களுக்கு இரண்டு பிழைப்பு. காற்று இருந்தால் நம்மைப் போல ஆக்ஸிஜனை வைத்து மூச்சுவிட்டுப் பிழைக்கும். காற்று இல்லாமல் வெளிச்சம் மட்டும் இருந்தால் ஒளியை வைத்துப் பிழைக்கும். சிவப்பு, பழுப்பு எல்லாம் இந்த இரண்டாவது பிழைப்புக்கான தளவாடம்: பாக்டீரியோகுளோரோபில், அதோடு கரோட்டினாய்டு என்ற நிறமிகள். மூச்சுவிட்டே பிழைக்க முடிகிறபோது இதைச் செய்து வைப்பது வீண்செலவு. அதனால் காற்று ஏறினால் உற்பத்தியை நிறுத்திவிடும். பாதி பாட்டிலில் அது தோற்றதற்கு உப்புக்காற்று அண்ணன் சொன்ன காரணத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

இனி வெளிச்சம். இங்கேதான் வீடியோக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். காற்றில்லாத பாட்டிலில் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு செல்லும் நிறமியைக் கூடுதலாகச் செய்யும், வெளிச்சம் கூடினால் குறைவாகச் செய்யும். ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போது எவனாவது மோட்டார் போட்டு இறைப்பானா? வாய்க்கால் வற்றும்போதுதான் ஊரே இன்ஜினைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தக் கணக்குதான். கொட்டகை நிழலில் இருந்த செல்கள் கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க, ஒளி வாங்கும் புரதங்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கின்றன. மாடியில் இருந்தவற்றுக்கு நட்ட நடு மத்தியானத்தில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் கொட்டுகிறது, அதற்கு எதற்கு அவ்வளவு தளவாடம்?

இது 1957-லேயே தெரிந்த விஷயம். கலிபோர்னியாவில் பெர்க்லியில் கோஹன்-பசீர், சிஸ்ட்ரோம், ஸ்டேனியர் மூன்று பேரும் இந்த பாக்டீரியாக்களை மங்கலான வெளிச்சத்தில் வளர்த்து, திடீரென்று வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நிறமி உற்பத்தி அப்படியே நின்றது, ஆனால் செல் பெருகுவது நிற்கவில்லை. அதனால் ஏற்கெனவே இருந்த நிறமி மகளுக்குப் பாதி, பேத்திக்குக் கால் என்று பங்கு பிரிந்து குறைந்தது. புது வெளிச்சத்துக்கு ஏற்ற அளவுக்கு இறங்கியதும் உற்பத்தி மறுபடி தொடங்கியது. இருக்கிற நிறமியை அது அழிப்பதில்லை, புதிதாகச் செய்யாமல் விடுகிறது, அவ்வளவுதான். எனக்கு இந்தப் பரிசோதனையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சந்தேகப்பிராணி:
அப்படியென்றால் கடைக்காரர்கள் "கருஞ்சிவப்பாக இருந்தால்தான் தரம்" என்று லிட்டருக்கு விலை ஏற்றுவது?

அகச்சிவப்பு:
நிறத்தை மட்டும் வைத்து எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. செல் குறைவாக இருந்து ஒவ்வொன்றிலும் நிறமி நிறைய இருந்தாலும் கறுத்த சிவப்புதான். செல் ஏராளமாக இருந்து நிறமி கொஞ்சமாக இருந்தால் வெளிறிய கலங்கல். மாடி பாட்டிலில்தான் ஆட்கள் அதிகம் என்பது என் ஊகம். இரண்டையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் நாளிதழை வைத்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். எது எழுத்தை அதிகம் மறைக்கிறதோ அதில் செல் அதிகம். துல்லியமான அளவு இல்லைதான், ஆனால் நிறத்தை நம்புவதற்கு இது மேல்.

வெண்ணாற்றங்கரை:
பார்த்தேன் அக்கா. மாடி டம்ளரில் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. கொட்டகை டம்ளரில் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி தலைப்பு தெரிகிறது. சரி, அறை பாட்டில் ஏன் அசையவே இல்லை? வெளிச்சம் குறைந்தால் சிவக்கும் என்றால் அதுதானே முதலில் சிவந்திருக்கணும்? டியூப் லைட் ராத்திரி பகலாக எரிந்தது, கரண்ட் பில்லுக்கு அப்பா திட்டியது தனிக் கதை.

அகச்சிவப்பு:
நல்ல கேள்வி. குறைந்த வெளிச்சம் வேறு, பட்டினி வேறு. நிறமி செய்யவும் சக்தி வேண்டும். அப்புறம் உங்கள் டியூப் எல்இடியாக இருக்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களை மட்டும் தருகிற மாதிரி செய்யப்பட்ட விளக்கு அது. இந்த பாக்டீரியாவின் பாக்டீரியோகுளோரோபில் முக்கியமாக உறிஞ்சுவது 800 முதல் 875 நானோமீட்டர் வரை உள்ள அகச்சிவப்பு ஒளியை, நம் கண்ணோ 700 தாண்டினால் ஏறக்குறைய குருடு. கரோட்டினாய்டு நீலப் பச்சை ஒளியைக் கொஞ்சம் வாங்கிக் கொடுக்கும், ஆனால் ஒரு டியூபின் வெளிச்சத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பழைய குண்டு பல்பு இருந்தால் அதைப் போடுங்கள். மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது என்று நாம் தூக்கிப்போட்டது இதற்கு விருந்து. பாட்டிலைத் தொடாமல் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வெந்துவிடும்.

கொட்டகையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இலை சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கிவிட்டு அகச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். புங்கமரத்து நிழல் நமக்குத்தான் நிழல், பாக்டீரியாவுக்கு அது பாதிப் பந்தி.

உப்புக்காற்று:
இப்போதான் எனக்கு ஒன்று புரிகிறது. ஷெட்டுக்குள்ளே எல்இடி மாட்டி வளர்க்கப் பார்த்து நாலு கேன் வீணாய்ப் போனது. விற்றவனைப் போனில் திட்டித் தீர்த்தேன், பாவம்.

எங்கள் ஊர் உப்பளப் பாத்தி தண்ணீர் கோடையில் ரோஸ் கலராக மாறுமே, அதுவும் இதுதானா?

அகச்சிவப்பு:
இல்லை அண்ணே, அது வேறு குடும்பம். உப்பு முற்றிய தண்ணீரில் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும், டுனலியெல்லா என்ற பாசியும் சேர்ந்து தரும் நிறம் அது. டுனலியெல்லா மட்டும் இதற்கு நேரெதிர்: வெயிலும் உப்பும் கூடக் கூட பீட்டா கரோட்டினைக் குவிக்கும், அதற்கு அது குடை. நம் சங்கதியைப் பார்க்கணும் என்றால் அலையாத்திக் காட்டுச் சேறு மாதிரி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இடத்துக்குப் போகணும். அந்த மாதிரிச் சேற்றின் மேல்தோலுக்குக் கொஞ்சம் கீழே ஊதாப் படலம் இருக்கும். பச்சைப் பாசி மேலே உட்கார்ந்து தனக்கு வேண்டிய ஒளியை எடுத்துக்கொள்ளும், மிச்சமாகக் கீழே இறங்குகிற அகச்சிவப்பில் இவை குடித்தனம் நடத்தும்.

சந்தேகப்பிராணி:
எல்லாம் சரி. நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இறால் குட்டையில் ராத்திரி பகலாக ஏரேட்டர் ஓடுகிறது. தண்ணீர் முழுக்க ஆக்ஸிஜன். அக்கா சொன்ன கணக்குப்படி ஊற்றிய பாக்டீரியா அங்கே நிறமி செய்வதை நிறுத்திவிடும், பெருகப் பெருக நிறம் கரைந்துவிடும். அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் இல்லை, அங்கே செய்யலாம், ஆனால் அங்கே வெளிச்சம் இல்லை. அப்புறம் "ஒளிச்சேர்க்கை பாக்டீரியா" என்று எதற்கு இத்தனை ரூபாய்?

உப்புக்காற்று:
தம்பி, நான் படித்தவன் இல்லை. ஊற்றினால் அடிச்சேற்று நாற்றம் குறைகிறது, அதை நான் பார்த்திருக்கிறேன். ஊற்றாத குட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டால், இல்லை. எல்லாக் குட்டையிலும்தான் ஊற்றுகிறேன்.

அகச்சிவப்பு:
சந்தேகப்பிராணி கேட்டது சரிதான். ஏரேட்டர் ஓடும் தண்ணீரில் அவை பெரும்பாலும் மூச்சுவிட்டே பிழைக்கும், கழிவில் இருக்கிற கரிமப் பொருளைத் தின்னும், அது மற்ற பாக்டீரியாக்களும் செய்கிற வேலைதான். ஆழம் குறைந்த ஓரம், காற்று புகாத சேற்றுத்தோல், இந்த மாதிரி இடத்தில்தான் ஒளியை வைத்துப் பிழைக்க முடியும். வீடியோவில் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு நம்புங்கள். அண்ணே, அடுத்த முறை ஒரு குட்டையை ஊற்றாமல் விட்டுப் பாருங்களேன்.

தாளடித் தாத்தா:
காற்று இருந்தால் நிறுத்துகிறது, வெளிச்சம் கூடினால் குறைக்கிறது என்கிறீர்களே அம்மா, கண்ணும் மூக்கும் இல்லாத கிருமி இதை எப்படி அறிகிறது? சற்று விளக்கினால் நல்லது.

அகச்சிவப்பு:
ஐயா, இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். நம் ஊர் மதகையே எடுத்துக்கொள்ளலாம்.

ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்டிஸ் என்று ஒரு பாக்டீரியா. நிறமி செய்யும் மரபணுக்களின் வாசலில் பிபிஎஸ்ஆர் என்ற புரதம் மதகுப் பலகை மாதிரி உட்கார்ந்திருக்கும். பலகை இறங்கியிருந்தால் உற்பத்தி இல்லை. பலகையைத் தூக்குகிற லஸ்கர் ஒருவர் இருக்கிறார், பெயர் ஆப்பா. ஆக்ஸிஜன் குறைந்தால் இவர் போய் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், உற்பத்தி ஓடும். ஆக்ஸிஜன் நிறைய இருந்தால் இவர் வேலைக்கே வரமாட்டார். இந்த லஸ்கர் கையில் ஒரு ஃபிளாவின் மூலக்கூறு இருக்கிறது, நாம் சாப்பிடுகிற ரைபோஃபிளாவின் வைட்டமினில் இருந்து வருவது. அது நீல ஒளியைப் பிடிக்கும். நீல ஒளி பட்டதும் ஆப்பாவின் வடிவம் கொஞ்சம் மாறி, பலகையைப் பிடித்த பிடி நழுவும். பலகை இறங்கிவிடும். ஒரே புரதம் காற்றையும் பார்க்கிறது, ஒளியையும் பார்க்கிறது. 2002-இல் மசூதாவும் பவரும் இதை நிரூபித்தார்கள்.

ஆனால் இந்த நீல ஒளி விளையாட்டு நடப்பது காற்று கொஞ்சமாக இருக்கிற இடைப்பட்ட நிலையில்தான். அங்கேதான் ஆபத்தும். நிறமி இருக்கு, ஒளி இருக்கு, ஆக்ஸிஜனும் இருக்கு என்றால், ஒளி வாங்கிய பாக்டீரியோகுளோரோபில் அந்தச் சக்தியை ஆக்ஸிஜன் தலையில் கட்டி அதை வெறிபிடித்த ஆக்ஸிஜனாக ஆக்கிவிடும், அது செல்லையே அரிக்கும். கரோட்டினாய்டுதான் அதை அடக்கிவைக்கும். கரோட்டினாய்டு செய்யத் தெரியாததால் நீலப்பச்சையாக இருந்த, இதே பாக்டீரியாவின் பிறழ்வு வகை ஒன்றை வெளிச்சத்திலும் காற்றிலும் சேர்த்து வைத்தபோது செத்துப்போனது, அது 1955-லேயே தெரிந்தது. அதனால் நீல ஒளி என்பது பாக்டீரியாவுக்கு "மேலே வந்துவிட்டாய், கடையைக் கட்டு" என்று ஒரு குரல்.

காற்றே இல்லாத பாட்டிலில் இன்னொரு ஜோடி முக்கியம்: ரெக்பி, ரெக்ஏ. ரெக்பி ஒளியை நேரடியாகப் பார்ப்பதில்லை. செல்லுக்குள் எலக்ட்ரான்களைச் சுமக்கும் குயினோன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, ரெக்ஏவிடம் சொல்லும், அது போய் மரபணுக்களை முடுக்கும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளவுகல்லைப் பார்த்துச் சொல்கிற ஆள் மாதிரி. மழை பெய்ததா, மேட்டூரில் திறந்தார்களா என்பது அவருக்குத் தேவையில்லை.

தாளடித் தாத்தா:
லஸ்கர் உவமை அருமை. ஆனால் எங்கள் வாய்க்கால் லஸ்கரை இந்த அளவுக்கு வேலை பார்க்கிறவர் என்று நான் எண்ணியதில்லை.

வெண்ணாற்றங்கரை:
அக்கா, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாணி அள்ளப் போகும்போதெல்லாம் கொட்டகை பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பேன், தினமும். மாடி பாட்டிலை 12 நாளும் திறக்கவே இல்லை, வெயிலில் யார் மாடி ஏறுவது. இதனால் ஏதாவது?

அகச்சிவப்பு:
அடப்பாவி. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கணும்!

ஸ்ஃபீராய்டிஸ் காற்றே இல்லாமல் வளரும்போது செய்கிற கரோட்டினாய்டு ஸ்ஃபீராய்டின், மஞ்சள் கலந்த பழுப்பு. கொஞ்சம் ஆக்ஸிஜன் உள்ளே போனால் அதையே ஸ்ஃபீராய்டினோனாக மாற்றிவிடும், அது சிவப்பு. ஆக உங்கள் சிவப்புக்கு இரண்டு காரணம் சேர்ந்துவிட்டது: நிழலால் நிறமி கூடியது ஒன்று, நீங்கள் மூடியைத் திறந்து காற்று விட்டதால் சாயல் மாறியது இன்னொன்று. உங்கள் பாட்டிலில் இருப்பது இந்த இனம்தான் என்று பாட்டிலைப் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாலுஸ்ட்ரிஸ் மாதிரி வேறு இனமாக இருந்தால் காற்று இல்லாமலே சிவந்த பழுப்பு வரும். பழுப்பு என்றால் கெட்டது என்ற பேச்சு மட்டும் தப்பு.

கெடாத கரைசல்தானே, இப்படிச் செய்யுங்கள். இரண்டையும் இறுக்க மூடி இடம் மாற்றி வையுங்கள், திறக்கவே கூடாது. கூடவே கொஞ்சம் புது முட்டைத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள், செல் பெருகினால்தான் நிறமி பங்கு பிரியும்.

நெட்டிப்பூ:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூரில் எங்கள் தாத்தா நெட்டி வேலை செய்தவர், பெரிய கோயில் கோபுரம், பிள்ளையார் எல்லாம் நெட்டியில் செதுக்குவார். குளத்தில் இருந்து வெட்டி வரும் நெட்டித் தண்டில் பச்சைப் பச்சையாகக் கொப்புளம் மாதிரி முடிச்சுகள் இருக்கும். சின்ன வயதில் கிள்ளி விளையாடியிருக்கிறேன். அதற்குள்ளும் பாக்டீரியா என்று எங்கோ படித்த ஞாபகம். தக்கைப்பூண்டிலும் இப்படி வருமா?

அகச்சிவப்பு:
குறுக்கே வரவில்லை, நேராக நடு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். முதலில் தக்கைப்பூண்டு வேறு, அது செஸ்பேனியா, பசுந்தாளுக்கு விதைப்பது. பெயரில் தக்கை இருப்பதால் குழப்பம். நெட்டி என்பது ஏஸ்கைனோமினி. அதே பேரினத்தில் இண்டிகா என்று ஒன்று நெல் வயலில் களையாக வரும், தொட்டாச்சிணுங்கி மாதிரி சின்னச் சின்ன இலை. இந்தக் கூட்டத்தில் பலவற்றின் தண்டு முடிச்சுகளில் இருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், அதோடு தானே ஒளிச்சேர்க்கையும் செய்யும். வேரில் இருக்கிற சாதாரண ரைசோபியம் இருட்டில் கிடக்கிறது, அதற்கு ஒளி எதற்கு? இது தண்டில், வெளிச்சத்தில் இருக்கிறது.

செனகலில் ஒரு ஏஸ்கைனோமினி தண்டில் இருந்து எடுத்த ஓஆர்எஸ்278 என்ற வகையை வைத்து 2002-இல் ஜிரோவும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். இது மற்ற ஊதா பாக்டீரியா மாதிரி இல்லை, காற்று இருந்தாலும் நிறமி செய்யும். அதை முடுக்குவது தூரச்சிவப்பு ஒளி, 750 நானோமீட்டர் பக்கம். அதைப் பிடிப்பது பைட்டோகுரோம், செடிகள் நிழலை அறிய வைத்திருக்கிற அதே வகைப் புரதம், பாக்டீரியாவிடமும் இருக்கிறது. இங்கேயும் பிபிஎஸ்ஆர் பலகை உண்டு, தூக்குகிற லஸ்கர்தான் வேறு. பச்சைத் தண்டின் தோலைத் தாண்டி உள்ளே வருவது எந்த ஒளி என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பைச் செடி தின்றுவிடும், தூரச்சிவப்புதான் மிஞ்சும். அதைப் பார்த்ததும் "வீட்டுக்குள் வந்துவிட்டோம்" என்று நிறமி செய்யத் தொடங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் தாத்தா கத்தியால் சீவி எறிந்த கொப்புளத்தில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

நெட்டிப்பூ:
தாத்தா இருந்திருந்தால் "அதனாலதான் கத்தி பச்சையாகுது" என்று சொல்லி முடித்திருப்பார்.

தாளடித் தாத்தா:
வயலில் தேங்கிய தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி சில இடத்தில் பழுப்பாகவும் சில இடத்தில் பச்சையாகவும் இருப்பதைப் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். இதே கதைதானா?

அகச்சிவப்பு:
வயலில் வேறு வேறு இனம் கலந்திருக்கும் ஐயா, அதனால் எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆனால் அப்படி நிறம் மாற்றும் பாசி உண்டு. ஃப்ரெமியெல்லா என்பதைச் சிவப்பு விளக்கில் வைத்தால் பைகோசயனின் என்ற நிறமியைச் செய்து நீலப்பச்சையாகும், பச்சை விளக்கில் வைத்தால் பைகோஎரித்ரின் என்ற நிறமியைச் செய்து பழுப்புச் சிவப்பாகும், மாற்றி வைத்தால் மாறிக்கொள்ளும். இங்கே ஒளியின் அளவு அல்ல, நிறம்தான் கணக்கு. எது கிடைக்கிறதோ அதைப் பிடிக்க வலை மாற்றுகிற மீனவர் மாதிரி.

வெண்ணாற்றங்கரை:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இறுக்க மூடி இடம் மாற்றினேன், திறக்கவில்லை, சத்தியமாக மோந்தும் பார்க்கவில்லை. மாடியில் இருந்து கொட்டகைக்குப் போனது நல்லாக் கறுத்துவிட்டது, ஆனால் பீட்ரூட் நிறம் இல்லை, கடுங்காப்பி நிறம். கொட்டகையில் இருந்து மாடிக்குப் போன சிவப்பு பாட்டில் நாலாம் நாளே வெளிற ஆரம்பித்து இப்போது பழைய மாடி பாட்டில் மாதிரியே இருக்கிறது, கலங்கல் மட்டும் கூடியிருக்கிறது, தலைப்பு எழுத்து தெரியவில்லை. அறை பாட்டிலுக்கு 60 வாட் குண்டு பல்பு மாட்டினேன், ஆறாம் நாள் லேசாகப் பழுப்பு கட்டியது.

அகச்சிவப்பு:
காப்பி நிறம் பார்த்தீர்களா, மூடி திறக்காததால் சாயல் மாறவில்லை. அருமை. கொட்டகை பாட்டிலை இன்னும் ஒரு வாரம் அப்படியே விடுங்கள், எவ்வளவு தூரம் கறுக்கிறது என்று பார்ப்போம்.

வெண்ணாற்றங்கரை:
விடலாம் அக்கா, ஆனால் இன்று காலை கன்றுக்குட்டி கயிற்றை இழுத்து அதைத் தட்டிவிட்டது. மூடி தெறித்து எல்லாம் வைக்கோலில். மாடி பாட்டிலில் இருந்து கால் லிட்டர் எடுத்து மறுபடி முதலில் இருந்து போட்டிருக்கிறேன், இந்தத் தடவை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு.

உப்புக்காற்று:
கன்றுக்குட்டி அந்த வைக்கோலைத் தின்றதா இல்லையா, அதைச் சொல் முதலில்.